"அம்மா, எங்கே?": காலை அவசரத்தைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூலில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், கணவர், மாமியார், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டில் இருக்கும் மகன். பள்ளி வேன் 6.35க்குக் கீழே வந்து நிற்கும். அப்போது இன்னும் விடிந்திருக்காது. இந்த ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான். இதற்கு மாமியார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். "அன்றைக்கு எடுத்துக்கொண்ட அரை மணி நேரத்தை யாரும் இன்னும் திருப்பித் தரவில்லை" என்பார்.

இருட்டில் எழுந்து இருட்டில் கிளம்பும் வீட்டில் எதையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. எங்கள் வீட்டிலோ காலை முழுவதும் தேடல்தான். காலுறை, சாவி, கையெழுத்துப் போட வேண்டிய தாள், ஒரு நாள் ரைஸ் குக்கரின் மூடி கூட.

அதைச் சரிசெய்ய முதலில் நான் செய்தது தவறான காரியம். எல்லாவற்றையும் இரண்டு ரிங்கிட்டுக்கு விற்கும் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, அழகாகப் பெயர் எழுதி ஒட்டினேன். மூன்றே வாரத்தில் "காலுறை" என்ற பெட்டியில் பேட்டரியும் "பேட்டரி" என்ற பெட்டியில் ரப்பர் பாண்டும் கிடந்தன. ஆகவே இந்த வழிகாட்டியில் வாங்க வேண்டியவை குறைவு. முதல் வாரம் எதையும் மாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் வேண்டும்.

படி 1: ஒரு வாரம் கோடு போடுங்கள்

ஃபிரிட்ஜின் கதவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். வீட்டில் யாராவது "எங்கே?", "எப்போது?", "இன்றைக்கு என்ன?" என்று உங்களிடம் கேட்கும்போதெல்லாம் எதைப் பற்றிய கேள்வி என்று ஒரு சொல் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், கோபப்பட வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கோடு மட்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளும் போட வேண்டும். சனி, ஞாயிறில் கேட்கப்படும் கேள்விகள் வேறு வகை.

எனக்குக் கிடைத்த கணக்கு 61. சீருடை, காலுறை, பெயர்ப்பட்டை பற்றி 19. சாவி, அட்டைகள் பற்றி 11. "இன்றைக்கு என்ன சமையல்?" 9. பள்ளித் தாள்களும் பணமும் 8. மற்றவை 14, அதில் ரிமோட் மட்டும் நான்கு முறை.

இந்தத் தாளைப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் வீட்டில் பொருட்கள் ஓரளவு அதனதன் இடத்தில்தான் இருந்தன. அந்த இடம் எது என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். வீட்டின் வரைபடம் என் தலைக்குள் இருந்தது, மற்ற நால்வரும் என்னைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்த வரைபடத்தைச் சுவருக்கும் கதவுக்கும் மாற்றும் வேலைதான்.

உங்கள் தாளில் எது முதலிடமோ, அதிலிருந்து தொடங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் அது சீருடையாகத்தான் இருக்கும்.

படி 2: ஐந்து ஹேங்கர்

ஒரு பிள்ளைக்கு ஐந்து ஹேங்கர். ஒவ்வொன்றின் கழுத்திலும் தாள் நாடா ஒட்டி, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று எழுதுங்கள். ஞாயிறு மாலை அந்தந்த நாளுக்குரிய எல்லாவற்றையும் அதனதன் ஹேங்கரில் மாட்டுங்கள். சட்டை, அதன் மேல் கால்சட்டை, கழுத்துப்பட்டை. உள்ளாடையைச் சிறு துணிப்பையில் போட்டுக் கொக்கியில் தொங்கவிடலாம். காலுறையை உருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிடுங்கள். காலுறை எங்கே என்ற கேள்வி எங்கள் வீட்டில் நின்றது அந்தத் திணிப்பால்தான். பெயர்ப்பட்டை சட்டையிலேயே தைத்திருந்தால் நல்லது. ஊக்கு வைத்தது என்றால் ஒவ்வொரு சட்டைக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரே பட்டையைச் சட்டைக்குச் சட்டை மாற்றிக் குத்துவதுதான் அது தொலைவதற்கான நேர்வழி.

இப்படி மாட்டும்போது பள்ளியின் கால அட்டவணையும் ஹேங்கருக்குள் வந்துவிடுகிறது. உடற்கல்வி நாளில் விளையாட்டு இல்லத்தின் டீ-சட்டை, புதன்கிழமை சாரணர் சீருடை. மகன் எழுந்ததும் "இன்றைக்கு என்ன உடுப்பு?" என்று கேட்பதில்லை, கிழமை தெரிந்தால் போதும்.

ஐந்து செட் சீருடை வாங்க வேண்டியதில்லை, மூன்று போதும். எங்கள் கணக்கு இது: ஞாயிறு அன்று திங்கள், செவ்வாய், வியாழன் ஹேங்கர்கள் நிரம்பிவிடும். புதன் சாரணர் உடுப்பு. செவ்வாய் இரவு துவைப்பதில் வெள்ளிக்கிழமை ஹேங்கர் நிரம்பும். உங்கள் பள்ளியில் நாட்கள் வேறாக இருக்கலாம், ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது காயவைப்பது. இங்கே மழைக்குப் பிடித்த நேரம் பிற்பகல், நாம் அலுவலகத்தில் இருக்கும் நேரம். ஏப்ரலிலும், அதைவிட மோசமாக அக்டோபர், நவம்பரிலும், வெளியே காயப்போட்ட துணியை நம்ப முடியாது. மூங்கில் கழியை உள்ளே இழுக்க மாமியாரால் முடியாது, அவரைச் செய்யச் சொல்லவும் கூடாது. அதனால் சீருடையை மட்டும் இரவுத் துணியாக்கிவிட்டோம்:

1. எட்டு மணிக்கு இயந்திரத்தைப் போடுங்கள். துவைத்து முடிந்ததும் பிழிவதை மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். இந்தக் கூடுதல் சில நிமிடங்கள் காயும் நேரத்தில் மணிக்கணக்கைக் குறைக்கும்.
2. முடிந்த கையோடு வெளியே எடுத்துவிடுங்கள். ஈரத்துணி மூடிய இயந்திரத்துக்குள் இரவெல்லாம் கிடந்தால் நுண்ணுயிரிகள் பெருகும்; மக்கல் வாடை வருவது அதனால்தான்.
3. கூடத்து விசிறிக்குக் கீழே மடக்குக் கொடியில் போடுங்கள். துணிக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. சட்டைப் பொத்தான்கள் திறந்து, காலர் தூக்கி. கால்சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, இடுப்புப் பக்கம் கீழே இருக்குமாறு. பைத்துணி வெளியே தொங்கட்டும், கடைசியாகக் காய்வது அதுதான்.
4. காலை ஐந்தரைக்குத் தொட்டுப் பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் இடுப்புப் பட்டியிலும் தையலிலும்தான் இருக்கும். அங்கே மட்டும் இஸ்திரிப் பெட்டி.

வாடை ஏற்கெனவே ஏறிவிட்ட துணியை வெந்நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவைக்கலாம். வினிகரையும் வெளுப்பு நீரையும் ஒரே வாளியில் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சோப்புத் தூளைக் கூட்டினால் வாடை போகும் என்பதும் தவறு. அலசிப் போகாத சோப்பு துணியிலேயே தங்கி அழுக்கை இழுக்கும்.

காலணிக்கு ஒரே ஒரு குறிப்பு. என் காலத்தில் வெள்ளைக் காலணி. ஞாயிறு மாலை தோறும் அதற்கு வெள்ளைப் பூச்சு பூசி, சன்னல் ஓரம் சாய்த்து வைப்போம். 2019இல் தொடங்கிய மாற்றத்தில் கறுப்புக்கு வந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிய சீர்திருத்தம் அது. நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் போடும் பதத்துக்கு வந்துவிடும்.

படி 3: வாசல் கதவு

கம்பிக் கதவுக்கு உட்புறச் சுவரில் ஐந்து கொக்கிகள், ஆளுக்கு ஒன்று. பிள்ளையின் கொக்கி பிள்ளையின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். எட்டாத கொக்கியில் யாரும் எதையும் மாட்ட மாட்டார்கள். சாவி, லிஃப்ட் அட்டை, பயணக் கட்டணம் கட்டும் டச் என் கோ அட்டை மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து அங்கே தொங்கவிடுங்கள்.

சாவிக்கு அழகான தட்டு வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். தட்டு எதையும் மறுக்காது. சில்லறை, ரசீது, மாத்திரை அட்டை, திருகாணி என்று வந்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும், சாவி அடியில் போய்விடும். கொக்கி ஒரு பொருளைத்தான் தாங்கும். அதுதான் அதன் பெருமை.

பள்ளித் தாளுக்கு மரக்கதவின் உள்பக்கம், கண்ணுக்கு நேராக, ஒரு கிளிப் ஒட்டினோம். கையெழுத்து வேண்டிய எதுவும் பையிலிருந்து நேரே அங்கே போக வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் தாள் குழம்புக்கு அடியில் போகும். கதவில் இருந்தால், அதைப் பார்க்காமல் யாரும் வெளியே போக முடியாது. பக்கத்தில் ஒரு பேனாவை மாமியார் பூக்கட்டும் நூலால் கட்டிவைத்தார். ஓராண்டாகியும் அந்தப் பேனா அங்கேயே இருக்கிறது. நூலின் நீளம் ஒரு முழம். அதற்கு மேல் விட்டால் மகன் அதை வைத்துச் சுவரில் கிறுக்குகிறான்.

படி 4: குதிரைக் காலண்டரும் தயாரிப்பு நாளும்

மளிகைக்கடைகளில் கொடுக்கும் பெரிய எழுத்துக் குதிரைக் காலண்டர் மலேசியாவில் எந்த இனத்தார் வீட்டிலும் மாட்டியிருக்கும். குதிரைப் பந்தய நாட்களுக்குப் பக்கத்தில் குதிரைப் படம் போட்டிருப்பதால் அந்தப் பெயர். பந்தயம் நமக்குத் தேவையில்லை. ஒவ்வொரு தேதிக்கும் எழுதுவதற்கு இடம் இருக்கிறது, தூரத்திலிருந்து தெரிகிறது, இலவசம். ராகு காலம் பார்க்கும் தமிழ் நாட்காட்டி பூசை அறையில் தனியாக இருக்கட்டும். குடும்ப வேலையை அதில் எழுதப் போனால் மாமியாரோடு ஒரு வழக்கு நடக்கும். எங்கள் வீட்டில் நடந்தது.

ஆளுக்கு ஒரு நிறப் பேனா. மூன்று வகைச் செய்தி மட்டும் எழுதுங்கள்: வழக்கத்துக்கு மாறான நேரத்தில் போவது அல்லது வருவது, எதையாவது கொண்டுபோக வேண்டியது, பணம் கட்ட வேண்டியது. எல்லாவற்றையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஒரு வியாழன் மாலை ரயிலில் நின்றபடி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி பார்த்தேன்: அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் வர வேண்டும். ஒரு வாரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் காலண்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் "மஞ்சள் சட்டை" என்று எழுதியும் வைத்தேன். வெள்ளி காலை ஐந்தரைக்கு அதைப் பார்த்தபோது மஞ்சள் சட்டை அழுக்குக் கூடையில், சாம்பார்க் கறையோடு இருந்தது. மகன் அக்காவின் பழைய மஞ்சள் டீ-சட்டையைப் போட்டுக்கொண்டு போனான், முன்பக்கம் ஒரு பட்டாம்பூச்சி. அவன் அதை இன்னும் மறக்கவில்லை.

எழுத வேண்டியது நிகழ்ச்சி நாளை அல்ல, தயாரிப்பு நாளை. வெள்ளிக்கிழமை மஞ்சள் சட்டை என்றால், செவ்வாய்க் கட்டத்தில் "மஞ்சள் சட்டை துவை". தைப்பூசத்துக்கும் இதே கணக்கு. ஜாலான் துன் எச். எஸ். லீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குக் கிளம்பினால் செந்தூல், ஈப்போ சாலைப் பக்கம் காரை எடுக்க முடியாது. எங்கள் காலண்டரில் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் "மளிகை, கேஸ், பால்" என்று எழுதியிருக்கும்.

கணவரின் மாதப் பயண அட்டை இன்னொரு தலைவலி. ரேப்பிட் கேஎல் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 50 ரிங்கிட் கொடுத்தால் 30 நாள் போகலாம். ஆனால் 30 நாள் என்பது மாதம் அல்ல. ஜூலை 14ஆம் தேதி முடிந்தால் அடுத்தது ஆகஸ்ட் 13, பிறகு செப்டம்பர் 12 என்று நழுவிக்கொண்டே வரும். "மாதம் பிறந்ததும் போடலாம்" என்று இருந்தவர் அடிக்கடி நுழைவாயில் தடுப்பில் சிக்கி நிற்பார். இப்போது புதுப்பித்த அன்றைக்கே 29 நாள் எண்ணி அடுத்த கட்டத்தில் எழுதிவிடுகிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை வருபவை: சாலை வரி, கார்க் காப்புறுதி. பிள்ளைக்குத் தேவைப்படும் தடுப்பூசியையும் எழுதிவையுங்கள். 12 வயது நிரம்பும் பிள்ளைக்கு மைகிட் என்ற குழந்தை அட்டை போய் மைகாட் என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும், பிறந்தநாள் கட்டத்திலேயே அதையும் குறித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், பள்ளி அறிக்கை எல்லாம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். பதிவுக்குப் போகிற நாளில் நகல் எடுக்கும் கடையைத் தேடி அலையாதீர்கள்.

படி 5: உணவின் பெயரை அல்ல, வகையை முடிவு செய்யுங்கள்

"திங்கள்: முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல்" என்று எழுதிய பட்டியல் செவ்வாய்க்கிழமையே உடைந்துவிடும், முருங்கைக்காய் கிடைக்காது, அல்லது பிடிக்காது. வகையை மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் திங்கள் பருப்புக் குழம்பு, செவ்வாய் மீன், புதன் தோசை அல்லது இட்லி, வியாழன் மிச்சச் சோற்றில் நாசி கோரேங், வெள்ளி சைவம், சனிக்கிழமை இரவுச் சந்தையில் எதுவோ. "இன்றைக்கு என்ன?" என்ற கேள்விக்கு இப்போது மகளே பதில் சொல்கிறாள். எந்தப் பருப்பு, எந்த மீன் என்பதைச் சந்தை முடிவு செய்யும்.

ஞாயிறு காலைச் சந்தையிலிருந்து வந்ததும் ஒன்றரை மணி நேரம் முன்தயாரிப்பு. இதற்கு மேல் நீட்டினால் அடுத்த ஞாயிறு செய்யத் தோன்றாது.

முதலில் தொக்கு. ஒன்றரைக் கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி, பூண்டு. எண்ணெயில் நிதானமாக வதக்கி, தண்ணீர் வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது இறக்கி ஆறவிடுங்கள். பிறகு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் படுக்கவையுங்கள். டப்பாவில் வைத்தால் பாறையாகிவிடும், கத்தியால் குத்த வேண்டியிருக்கும். தட்டையாக உறைந்ததை அப்பளம் போல ஒடித்து நேரே சட்டியில் போடலாம். மீன் குழம்பு, சார்டின் சம்பல், முட்டைக் கறி எதற்கும் பாதி வேலை முடிந்தது.

தேங்காய்த் துருவல் ஒரு கோப்பை அளவுப் பொட்டலங்களாக ஃபிரீசருக்கு. கறிவேப்பிலையைக் கழுவி, விசிறிக் காற்றில் ஈரம் போக உலர்த்தி, உள்ளே சமையல் தாள் விரித்த டப்பாவில் போட்டு மூடினால் இரண்டு வாரம் வாடாது. உருவும் வேலை மாமியாருக்கு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே.

மாவுக்கு நான்குக்கு ஒன்று: நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கோலாலம்பூர் வெக்கையில் எங்கள் மாவு ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. இரவில் அரைத்து மேடையில் வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி அடுப்பு வரை போயிருக்கும். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு அரைத்து, இரவு எட்டுக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுவில் கண் வைத்துக்கொள்ளலாம். புதன், வியாழன் வரை புளிக்காமல் இருக்கும்.

மிச்சச் சோற்றில் மட்டும் கறாராக இருங்கள். வேகவைத்தாலும் சாகாத ஒரு வகை நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் வியாழன் நாசி கோரேங்குக்கு அதுவே பொலபொலவென்று நன்றாக வரும்.

எல்லா டப்பாவிலும் தாள் நாடாவில் தேதி. பெயர் எழுத வேண்டியதில்லை, தொக்கைப் பார்த்தால் தொக்கு என்று தெரியும்.

படி 6: இரவு கடையடைப்பு

மளிகைக்கடைக்காரர் கதவை இழுத்துவிடும் முன் செய்வதைப் போல, இரவு 8.40 முதல் 9 மணி வரை ஐந்து பேரும் நின்றபடி செய்யும் இருபது நிமிடம். செவ்வாய்க்கிழமை துவைக்கும் துணியும் இந்த நேரத்துக்குள் கொடிக்கு வந்துவிடும். யாராவது உட்கார்ந்திருந்தால் மற்றவருக்குக் கோபம் வரும், எனவே மூட்டுவலிக்காரரான மாமியாரைத் தவிர எல்லாரும் நிற்க வேண்டும். அவர் துணி மடிப்பார். பாத்திரத்தொட்டி காலி. தண்ணீர்ப் புட்டிகள் நிரம்பி ஃபிரிட்ஜில். பிள்ளைகள் கால அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்கி, ஜிப்பை மூடிக் கதவருகே வைக்க வேண்டும். கைப்பேசிகள் கூடத்து அலமாரியில் மின்னூட்டத்துக்கு, படுக்கை அறைக்கு அல்ல. கடைசியாக ஐந்து கொக்கியிலும் ஐந்து சாவி இருக்கிறதா என்று ஒரு பார்வை. நான்கு இருந்தால் ஐந்தாவதை இப்போதே தேடுங்கள். இரவு ஒன்பதுக்குத் தேடினால் கேலி செய்துகொண்டே தேடலாம், காலை ஆறரைக்குச் சண்டை போட்டுக்கொண்டே தேட வேண்டியிருக்கும்.

முடிக்காத வேலை இருந்தாலும் 9 மணிக்கு நிறுத்திவிடுங்கள். முழு வீட்டையும் துடைக்கத் தொடங்கினால் மறுநாள் யாரும் வர மாட்டார்கள்.

படி 7: தண்ணீர், கொசு, குப்பை

கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவருக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல. குழாய் பொருத்திய மூடியுள்ள 20 லிட்டர் கேன் இரண்டு சமையலுக்கும் குடிக்கவும், மூடி போட்ட பெரிய வாளி இரண்டு கழிப்பறைக்கு. தடை அறிவிப்பு வந்தபின் வாளி தேடி ஓடாதீர்கள். அன்று ஊரே ஓடும்.

ஆனால் சேமித்த தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கும் வீடு. முட்டையிலிருந்து பறக்கும் கொசு வரை ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும், எனவே வாரத்துக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்தால் சுழற்சி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும்.

ஞாயிறு பத்து நிமிடம் மகனுக்குக் கைவிளக்கு கொடுத்து அனுப்புகிறேன்: பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் வடியும் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சேரும் தட்டு, குளிரூட்டியின் கீழ் வைத்த வாளி. பெரும்பாலோர் மறப்பது பூசை அறை. கலசத்திலும், பூ மிதக்கவிடும் உருளியிலும் தண்ணீரை மாற்றுகிறோம், உள்சுவரைத் தேய்ப்பதில்லை. எங்கள் வீட்டில் புழு நெளிந்தது உருளியில்தான், சாமந்திக்குக் கீழே.

குப்பைக்குச் சுருக்கமாக: கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரித்துப் போடுவது கட்டாயம். சமையலறையில் ஒரு தொட்டி, அதன் பக்கத்தில் மறுசுழற்சிக்கு ஒரு பெரிய பை, அவ்வளவுதான். நான்கு நிறத் தொட்டி வைக்க அடுக்குமாடியில் இடமில்லை. பால் பெட்டியை அலசி, தட்டையாக்கிப் போடுங்கள். அலசாவிட்டால் இரண்டாம் நாளே எறும்பு சொல்லிவிடும்.

படி 8: வேலையைப் பிரிக்கும்போது

நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையை நானும் முயன்றேன். நட்சத்திரம் தீர்ந்த அன்று வேலையும் நின்றது. அதன்பின் ஒரே விதி: ஒருவர் மறந்தால் அதன் தொல்லை அவருக்கே போகும் வேலையைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டி மகனின் பொறுப்பு. மறந்தால் அவனுக்குத் தாகம், எனக்கல்ல. முதல் வாரம் இரண்டு நாள் மறந்தான். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் துடித்தது, போகவில்லை. பள்ளியில் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மருந்து மட்டும் இந்த விதிக்கு விலக்கு. அதைப் பெரியவர் ஒருவர் கையிலேயே வைத்திருங்கள்.

மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் வீட்டில் கொக்கிக்கெல்லாம் பெயர் எழுதியதில்லை அம்மா" என்றார். நான் வாதாடவில்லை. "அத்தை, சமையலறை இழுப்பறைகளை மட்டும் நீங்கள் சொல்கிறபடி வைத்துவிடலாமா?" என்று கேட்டேன். ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டார். கரண்டிகள் அடுப்புக்கு வலப்பக்கம், கத்தரிக்கோல் தேநீர்த் தூளுக்குப் பக்கத்தில், ஏனென்றால் அங்கேதான் பாக்கெட்டுகளை வெட்டுகிறோமாம். அவர் சொன்னது சரி.

ஐந்தாம் வாரம், பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து, ஃபிரிட்ஜில் மறுபடி வெள்ளைத் தாளை ஒட்டிக் கோடு போடுங்கள். எந்தச் சொல்லுக்கு இன்னும் கோடு விழுகிறதோ, அதற்கு மட்டும் புது இடம் யோசியுங்கள். எங்கள் தாளில் 61 என்பது 17 ஆகியிருந்தது. ரிமோட்டுக்கு இன்னும் நான்கு, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. மாமியார் தம் கையால் போட்ட கோடுகள் ஆறு, ஆறும் "கத்தரிக்கோல்" என்ற சொல்லுக்கு. கேட்டது நான்.